பிளே-ஆஃப் தொடங்கும் முன் பருவத்தை எப்படி எடைபோடுவது? ஒரு ஃபேன்டசி பேஸ்பால் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது. அமெரிக்காவில் ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ஃபேன்டசி பேஸ்பால் லீக் நடத்துகிறார்கள்; மெய்யான வீரர்களைத் தேர்ந்து கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் எடுக்கும் எண்களை வைத்து மோதும் விளையாட்டு இது. வாரம் ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் மோத வேண்டும். ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (பேட்டர் தம் அடியால் வரவைத்த ரன்கள்), ஸ்டீல் (அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), பேட்டிங் சராசரி என்று பேட்டிங்கில் 5 பிரிவுகளும், வெற்றி, சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது), ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு பிட்சர் கொடுக்கும் எர்ன்ட் ரன், அதாவது ஃபீல்டிங் பிழையால் வராத ரன்), விப் (ஓர் இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ஹிட்டும், நான்கு தவறான பந்துகளால் வரும் வாக்கும்) என்று பிட்சிங்கில் 5 பிரிவுகளும் உண்டு; கடைசி இரண்டிலும் குறைவாக இருப்பதே நல்லது. 10 பிரிவுகளில் அதிகம் வென்றவருக்கு அந்த வாரம் ஒரு வெற்றி. 22 வாரப் பருவத்தில் 21 வாரங்கள் முடிந்துவிட்டன. அவர் 13 வெற்றி, 8 தோல்வியுடன் இரண்டாம் இடத்தில் இருக்கிறார். ஆறாம் இடத்தில் 10 வெற்றி, 11 தோல்வியுடன் இருக்கும் நண்பரோ, மொத்தக் கணக்கைப் பார்த்தால் தம்முடைய அணியே சிறந்தது என்றும், எந்த வாரம் யாரோடு மோதல் என்ற போட்டி அட்டவணை தமக்குத் துரோகம் செய்துவிட்டது என்றும் சொல்லிவருகிறார். முதல் ஆறு பேருக்கு, தோற்றவர் வெளியேறும் மூன்று வார இறுதிச் சுற்றுகளான பிளே-ஆஃபில் இடமுண்டு. முதல் இருவர் அதன் முதல் வாரத்தில் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போகலாம். இந்த நிலையில் தம் பருவத்தை எப்படி அலசுவது, அணியைக் கலைத்து அடுக்க வேண்டுமா என்பதே கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். "நான் இந்த இடத்துக்குத் தகுதியானவன்தானா?" என்பது ஒன்று, அது கடந்த காலத்தைப் பற்றியது. "அடுத்த சில வாரங்களில் நான் வெல்ல என்ன செய்ய வேண்டும்?" என்பது மற்றது. முதல் கேள்விக்கு உதவும் சான்றுகள் இரண்டாவதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. நான் புள்ளியியல் படித்துக் காப்பீட்டுத் துறையில் பணிபுரிகிறேன். இதே வடிவில் ஆடும் ஒரு லீக்கை நடத்தும் கமிஷனராகவும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். ஆகஸ்ட் இறுதியில் பருவ மொத்தங்களைப் பார்த்துச் செப்டம்பருக்கான முடிவை எடுப்பதுதான் அனுபவமுள்ளவர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை. 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய ரோட்டிசரி என்னும் ஃபேன்டசி முறையில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அங்கே பருவ மொத்தம்தான் இறுதித் தீர்ப்பு. அதற்குப் பிறகு பிளே-ஆஃப் என்று ஒன்று கிடையாது. வாராந்தர மோதல் முறைக்கு வந்தபோது நாம் அந்த மொத்தங்களைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டோம்.

முதலில் கடந்த காலம். வாராந்தர மோதலில் உங்கள் வெற்றி தோல்வி, நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்பதோடு அந்த வாரம் எதிரே யார் வந்தார் என்பதையும் பொறுத்தது. இந்த இரண்டாவது காரணத்தை விலக்குவதற்கு ஒரு நேர்மையான வழி உண்டு. ஒவ்வொரு வாரமும் உங்கள் கணக்கை மற்ற 11 அணிகளின் கணக்கோடும் ஒப்பிட்டு, எல்லோரோடும் மோதியிருந்தால் எத்தனை பேரை வென்றிருப்பீர்கள் என்று எண்ணுவது. 5க்கு 5 என்று வந்தால் பாதி வெற்றி. 21 வாரங்களுக்கு 231 ஒப்பீடுகள் வரும். இது வெறும் கூட்டல் கணக்கு. இதில் ஊகத்துக்கு இடமில்லை.

நீங்கள் இணைத்திருந்த அட்டவணையில் இதைச் செய்து பார்த்தேன். 14ஆம் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 48 ரன், 14 ஹோம் ரன், 45 ஆர்பிஐ, 71 ஸ்ட்ரைக் அவுட், 3.42 ஈஆர்ஏ. எந்த லீக்கிலும் இது நல்ல வாரம். ஆனால் அந்த வாரம் உங்களுக்கு எதிரே வந்தவர் 17 ஹோம் ரன் அடித்து, 2.60 ஈஆர்ஏ வைத்திருந்தார். நீங்கள் 4க்கு 6 என்று தோற்றீர்கள். அதே வாரம் மற்ற பத்துப் பேரில் ஒன்பது பேரை நீங்கள் வென்றிருப்பீர்கள். இதற்கு நேர்மாறாக 5ஆம் வாரத்தில் உங்கள் பேட்டிங் சராசரி .221, ஹோம் ரன் வெறும் 5. ஒன்பது பேரிடம் தோற்றிருக்க வேண்டிய வாரம். எதிரே வந்தவர் உங்களைவிட மோசமாக ஆடிய இருவரில் ஒருவராக இருந்ததால் வென்றீர்கள். இப்படி எல்லாவற்றையும் கூட்டினால் உங்களுக்கு 231இல் 139 வெற்றி வருகிறது, அதாவது 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 21 வாரங்களுக்கு அது 12.6 வெற்றிக்குச் சமம். நீங்கள் பெற்றிருப்பது 13. ஆகவே உங்கள் இடம் நீங்கள் ஈட்டியதுதான். இதில் எனக்கு ஐயமில்லை.

நண்பரின் கணக்கும் இதே அட்டவணையில் இருக்கிறது. அவருக்கு 231இல் 134, அதாவது 58 விழுக்காடு. எதிர்பார்க்கத்தக்க வெற்றிகள் 12.2, கிடைத்தவை 10. போட்டி அட்டவணை தம்மைப் பாதித்தது என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 21 வாரங்களில் வெறும் தற்செயலால் வெற்றி எண்ணிக்கை மேலும் கீழும் ஆடும் அளவு ஏறத்தாழ 2.3. அவருடைய குறை 2.2. அதாவது பன்னிரண்டு பேர் உள்ள லீக்கில் ஆண்டுதோறும் ஓரிருவருக்கு நேரக்கூடிய சாதாரணமான துரதிர்ஷ்டம் அது. அவருடைய அணி உங்களுடையதைவிடச் சிறந்தது என்ற வாதத்துக்கோ இந்த எண்களில் ஆதாரமில்லை. உங்களுடையது அவருடையதைவிடச் சிறந்தது என்பதற்கும் இல்லை. 139க்கும் 134க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. 231 ஒப்பீடுகள் என்றவுடன் பெரிய மாதிரி என்று தோன்றும். ஆனால் ஒரே வாரத்தின் 11 ஒப்பீடுகளும் உங்களுடைய ஒரே ஆட்டத்தைச் சார்ந்தவை. உண்மையில் கையில் இருப்பவை 21 வாரங்கள் மட்டுமே.

மெய்யான பேஸ்பாலிலும் இப்படி நடப்பதுண்டு. 2016இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி 95 ஆட்டங்களை வென்றது; ஆனால் பருவம் முழுவதும் அது அடித்த ரன்கள் 765, விட்டுக்கொடுத்தவை 757. ரன்களின் வர்க்கத்தை வைத்து வெற்றி விகிதத்தைக் கணிக்கும், பேஸ்பால் புள்ளியியலாளர் பில் ஜேம்ஸின் சூத்திரப்படி அந்த அணிக்கு ஏறத்தாழ 82 வெற்றிகளே வந்திருக்க வேண்டும். ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 36 வெற்றி, 11 தோல்வி என்ற வியப்பான கணக்கே மிச்சத்தைத் தந்தது. 2023இல் சான் டியாகோ பாட்ரேஸ் இதற்கு நேரெதிர். விட்டுக்கொடுத்ததைவிட 104 ரன்கள் கூடுதலாக அடித்தும், ஒரு ரன் ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி என்று சரிந்ததால் 82 வெற்றிகளோடு பிளே-ஆஃப் வாய்ப்பையே இழந்தது. உங்கள் நண்பரின் நிலை பாட்ரேஸின் நிலையைப் போன்றது, அளவில் சிறியது. ரேஞ்சர்ஸ் அணி அந்த ஆண்டு பிளே-ஆஃபில் டொரண்டோவிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது என்பதைச் சிலர் சூத்திரத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அதை நான் ஏற்பதில்லை. மூன்று ஆட்டங்கள் எதையும் மெய்ப்பிக்கப் போதுமானவை அல்ல. உங்கள் பிளே-ஆஃபின் இரண்டு வாரங்களுக்கும் அதுவே பொருந்தும்.

எல்லோரோடும் ஒப்பிடும் இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈஆர்ஏவிலும் விப்பிலும் நீங்கள் மயிரிழையில் முன்னிலையில் இருந்தால், மாலை ஆட்டத்தில் வீச வேண்டிய ஸ்டார்ட்டரை (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரை) பென்ச்சில் வைத்துவிடுவீர்கள். எதிரே இருப்பவரை வெல்ல அதுதான் சரியான முடிவு. ஆனால் அந்த வாரம் உங்கள் ஸ்ட்ரைக் அவுட் குறைந்து, மற்ற பத்துப் பேரோடு ஒப்பிடும்போது நீங்கள் பலவீனமாகத் தெரிவீர்கள். ஆகவே எதிராளியைப் பார்த்து ஆடுபவரை இந்தக் கணக்கு சற்றுக் குறைத்தே மதிப்பிடும். எவ்வளவு குறைக்கும் என்பதற்குப் பொதுவான அளவு எதுவும் இல்லை. உங்கள் 13 வெற்றிகளில் ஒன்றோ இரண்டோ அப்படி ஞாயிற்றுக்கிழமை விழிப்பால் வந்தவையாக இருந்தால் அவற்றை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. இங்கே முதலில் செய்ய வேண்டியது பருவ மொத்தங்களை மூடி வைப்பது. காரணம் எளிது: அந்த மொத்தங்களை ஈட்டிய அணி இப்போது உங்களிடம் இல்லை. நீங்கள் தந்த கணக்கில் உங்கள் ஹோம் ரன் 231. லீக்கில் மூன்றாம் இடம். அவற்றில் 38 இப்போது உங்கள் ரோஸ்டரில் (வீரர் பட்டியலில்) இல்லாதவர்கள் அடித்தவை: மே மாதம் கைவிட்ட முதல் பேஸ் ஆட்டக்காரர், ஜூலையில் பரிமாற்றத்தில் போனவர், இன்னும் சிலர். நண்பரின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஹோம் ரன்னில் அவரே முதலிடம். ஆனால் அதில் பெரும்பங்கு அடித்த இருவரை ஜூலையில் கொடுத்து இரண்டு க்ளோசர்களை (கடைசி இன்னிங்ஸில் வந்து முன்னிலையைக் காக்கும் பிட்சர்களை) வாங்கியிருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் பெருமையாகக் காட்டும் எண்கள் ஓர் அணியுடையவை. செப்டம்பரில் களமிறங்கப்போவது வேறோர் அணி. ஆகவே இன்று கையில் இருக்கும் ஒவ்வொரு வீரரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் மீதிப் பருவத்துக்கான முன்கணிப்பை எதிரே குறியுங்கள். ஸ்டீமர், ஜிப்ஸ் போன்ற முன்கணிப்புகள் பருவத்தின் நடுவிலும் புதுப்பிக்கப்படுகின்றன. அவை துல்லியமானவை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடந்த மாத எண்களையோ நம்முடைய மன உணர்வையோ விடச் சராசரியாக மேலானவை என்பதில் எனக்கு உறுதியுண்டு. பிளே-ஆஃபுக்கு வரக்கூடிய மற்ற ஐந்து அணிகளுக்கும் இதே தாளைத் தயாரியுங்கள். அரை நாள் வேலைதான். நீங்கள் செய்யக்கூடியவற்றில் அதிகப் பலன் தருவது அதுவே.

அடுத்து, எந்தப் பிரிவில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பது. இதைக் கணக்காகவே காட்டிவிடுகிறேன். உங்கள் அணிக்கு வாரத்தில் ஏறத்தாழ 230 அட்-பேட் (சராசரிக் கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்பு) கிடைக்கிறது. .255 அளவில் அடிக்கும் அணிக்கு, ஒரு வாரத்தில் தற்செயலால் மட்டுமே சராசரி கூடவோ குறையவோ செய்யும் அளவு .029. இரண்டு அணிகளின் வேறுபாட்டை எடுத்தால் அது .040ஐ எட்டும். இப்போது ஓர் அணியின் உண்மையான திறன் .260, மற்றொன்றின் திறன் .250 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுப் பருவத்தில் இந்தப் பத்துப் புள்ளி பெரிய வித்தியாசம்; ரோட்டிசரி முறையில் பட்டியலில் பல இடங்கள் ஏற்றிவிடும். ஆனால் ஒரு வார மோதலில் சிறந்த அணி அந்தப் பிரிவை வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு மட்டுமே. நீங்கள் பேட்டிங் சராசரியை 21இல் 14 வாரங்கள் வென்றிருக்கிறீர்கள். ஆனால் லீக் சராசரியைவிட உங்கள் அணி 7 புள்ளிகளே மேல். அப்படியானால் 12 வெற்றி எதிர்பார்க்கத்தக்கது. அந்தப் பிரிவு என் பையில் இருக்கிறது என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். ஸ்ட்ரைக் அவுட் அப்படியன்று. எத்தனை இன்னிங்ஸ் வீசுகிறீர்கள் என்பதும், வீசுபவரின் ஸ்ட்ரைக் அவுட் விகிதமும் முன்கூட்டியே பெருமளவு தெரிந்தவை. ஒரு வாரத்தில் நம் கைக்குள் நிற்கும் பிரிவு ஒன்று உண்டென்றால் அதுதான்.

ஸ்டீல் பிரிவில்தான் நீங்கள் அணியைத் திருத்த இடமிருக்கிறது. 21 வாரங்களில் 16ஐ வென்றிருக்கிறீர்கள். வென்ற வாரங்களில் சராசரியாக 6 ஸ்டீல் கூடுதல். ஒன்று கூடுதலாக இருந்தாலே போதும் என்னும் இடத்தில் ஆறு வைத்திருப்பது வீண். 2023 விதி மாற்றங்களுக்குப் பிறகு இந்தப் பிரிவின் பொருளாதாரமே மாறிவிட்டது. பேஸின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. பிட்சர் ரன்னரைக் கட்டுப்படுத்த, தாம் நின்று வீசும் ரப்பர் பலகையிலிருந்து விலகும் தடவைகளுக்கு வரம்பு வந்தது. குறித்த நொடிகளுக்குள் வீச வேண்டும் என்னும் பிட்ச் கடிகாரமும் வந்தது. 2022இல் மேஜர் லீக் முழுவதும் 2,486 ஆக இருந்த ஸ்டீல், அடுத்த ஆண்டே 3,503 ஆயிற்று. ஸ்டீலுக்காக மட்டுமே வைத்திருந்த, வேறெதிலும் உதவாத ஆட்டக்காரரின் மதிப்பு அன்று முதல் சரிந்துவிட்டது, ஏனெனில் ஹோம் ரன் அடிப்பவர்களே இப்போது ஓடவும் ஓடுகிறார்கள். அக்குன்யா 2023இல் 41 ஹோம் ரன்னோடு 73 ஸ்டீல் எடுத்தார். ஓஹ்தானி 2024இல் 54 ஹோம் ரன்னோடு 59 எடுத்தார். உங்கள் ரோஸ்டரில் ஸ்டீலுக்கென்றே இருக்கும் அந்த இரண்டு அவுட்ஃபீல்டர்களில் ஒருவரை விட்டு, ஆர்பிஐ தரக்கூடிய ஒருவரை வேவரில், அதாவது எந்த அணியிலும் இல்லாதவர்களிலிருந்து, எடுப்பது நல்லது. இருவரையும் விட வேண்டாம். உபரியைத்தான் குறைக்கிறோம், பிரிவையே தாரைவார்க்கவில்லை.

பிட்சர்களை மதிப்பிடுவதில்தான் பருவ எண்கள் நம்மை அதிகம் ஏமாற்றும். களத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆகிறதா இல்லையா என்பதில் பிட்சரின் கட்டுப்பாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்பதை பேஸ்பால் ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001இல் விரிவாக எழுதினார். பின்னாளில் அந்த முடிவு கொஞ்சம் தளர்த்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்துவிட்டது. ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் ஆகியவற்றை முதன்மையாக வைத்துக் கணக்கிடும் எஃப்ஐபி என்ற அளவு அதன் வழியில் வந்ததுதான். ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2023இல் 281 ஸ்ட்ரைக் அவுட், 20 வெற்றி எடுத்தும் அவருடைய ஈஆர்ஏ 3.86, எஃப்ஐபியோ 2.85. அதே ஆண்டு பிளேக் ஸ்நெல் 2.25 ஈஆர்ஏவோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். ஆனால் 180 இன்னிங்ஸில் 99 வாக் கொடுத்திருந்தார், எஃப்ஐபி 3.44. ஈஆர்ஏ வரிசையில் வைத்தால் ஸ்நெல் எங்கோ மேலே இருப்பார். அடுத்த மூன்று வாரங்களுக்கு ஒருவரை மட்டும் தேர்ந்தெடு என்றால் அன்றைக்கு நான் ஸ்ட்ரைடரையே எடுத்திருப்பேன். உங்கள் பிட்சர்களை ஈஆர்ஏவால் வரிசைப்படுத்திய பட்டியலைக் கிழித்துவிட்டு, ஸ்ட்ரைக் அவுட் விகிதத்திலிருந்து வாக் விகிதத்தைக் கழித்து வரிசைப்படுத்திப் பாருங்கள். உங்களுடைய நான்காவது, ஆறாவது ஸ்டார்ட்டர்கள் இடம் மாறுகிறார்கள்.

ஒரே ஒரு மோசமான ஸ்டார்ட் என்ன செய்யும் என்பதையும் மனத்தில் வையுங்கள். வாரத்தில் 40 இன்னிங்ஸில் 14 எர்ன்ட் ரன் என்றால் ஈஆர்ஏ 3.15. அதற்கு மேல் ஒருவர் 3 இன்னிங்ஸ் வீசி 7 ரன் கொடுத்தால் 4.40 ஆகிவிடும்; வென்றுகொண்டிருந்த பிரிவு கைநழுவும், பெரும்பாலும் விப்பும் கூடவே போகும். அதனால்தான் வாரத்தில் இரண்டு ஸ்டார்ட் கிடைக்கிறது என்பதற்காகவே நடுத்தரமான பிட்சரை எடுப்பதை நான் பிளே-ஆஃபில் பரிந்துரைப்பதில்லை. அதிலும் அவற்றில் ஒன்று, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் என்றால் கட்டாயம் வேண்டாம். வெற்றி, ஸ்ட்ரைக் அவுட் இரண்டிலும் பின்தங்கியிருந்து, ஈஆர்ஏவும் விப்பும் ஏற்கெனவே போய்விட்ட வாரம் மட்டும் விதிவிலக்கு.

"கடந்த இரண்டு வாரமாக நன்றாக ஆடுகிறார்" என்பதை எவ்வளவு நம்பலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இது உறுதியும் ஐயமும் கலந்த இடம். பேட்டரின் ஸ்ட்ரைக் அவுட் விகிதம் ஏறத்தாழ 60 பிளேட் அப்பியரன்ஸிலேயே (பேட் பிடிக்க வரும் தடவைகளிலேயே) ஓரளவு பொருளுள்ளதாகிவிடும் என்றும், களத்துக்குள் அடித்த பந்துகளில் வரும் சராசரி நிலைப்பட 800க்கும் மேற்பட்ட பந்துகள் வேண்டும் என்றும் ரஸ்ஸல் கார்ல்டன் ஆய்ந்து காட்டியிருக்கிறார். இரண்டு வாரத்தில் ஒருவர் .380 அடித்தார் என்பது கிட்டத்தட்ட எதையும் சொல்லாது. இரண்டு வாரத்தில் அவருடைய ஸ்ட்ரைக் அவுட் பாதியாகக் குறைந்தது என்றால் கவனிக்கலாம். பிட்சரின் பந்து வேகம் மைல் கணக்கில் கூடினாலோ குறைந்தாலோ அதையும் கவனிக்க வேண்டும். அங்கே உடலளவில் ஒரு காரணம் இருக்கிறது. ஸ்நெல்லையே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். 2024இல் மார்ச் பிற்பகுதியில்தான் ஒப்பந்தமானார், முழுமையான பயிற்சி முகாம் கிடைக்கவில்லை, காயங்களும் சேர்ந்தன. முதல் 6 ஸ்டார்ட்களில் அவருடைய ஈஆர்ஏ 9ஐத் தாண்டியது. ஜூலையில் திரும்பி வந்தவர் ஆகஸ்ட் 2 அன்று, ஒரு ஹிட்டும் கொடுக்காத நோ-ஹிட்டர் ஆட்டம் வீசினார். கடைசி 14 ஸ்டார்ட்களில் ஈஆர்ஏ 1.23. அந்த ஆண்டின் பருவச் சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்குச் செப்டம்பர் ஸ்நெல் தெரிந்திருக்கமாட்டார். முதலில் தடுமாறியதற்கும் பின்னர் மீண்டதற்கும் தெளிவான காரணங்கள் இருந்தன. அதனால்தான் இந்த மாற்றத்தை நம்ப முடிந்தது. காரணம் சொல்ல முடியாத ஏற்றத்தை நான் நம்புவதில்லை. பெரிய ஆட்டங்களில் மட்டும் சிறப்பாக ஆடுபவர் என்ற பேச்சையும், பிளே-ஆஃபில் மட்டும் ஜெயிக்கும் ஃபேன்டசி மேலாளர் என்ற பேச்சையும் இன்னும் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

இப்போது, இந்த வாரத்துக்கான மிக அவசரமான செய்தி. எல்லோரும் அணியைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் உங்கள் முன் இருக்கும் பெரிய சொத்து அந்த முதல் வார ஓய்வுதான். ஒவ்வொரு வாரமும் 60 விழுக்காடு வெல்லக்கூடிய அணி தொடர்ந்து மூன்று வாரங்கள் வெல்லும் வாய்ப்பு 22 விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டு வாரங்கள் மட்டும் வென்றால் போதும் என்றால் 36 விழுக்காடு. ரோஸ்டரில் நீங்கள் செய்யக்கூடிய எந்தத் திருத்தமும் இந்த அளவு முன்னேற்றத்தைத் தராது. மூன்றாம் இடத்தவர் உங்களைவிட ஒரே ஒரு வெற்றிதான் பின்னால் இருக்கிறார். ஆகவே 22ஆம் வாரத்தை ஒத்திகையாக எண்ணிப் புதியவர்களைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அதையே உங்கள் முதல் பிளே-ஆஃப் வாரமாக எண்ணி ஆடுங்கள். 60 விழுக்காடு என்பது சராசரி எதிராளிக்கு எதிரான அளவு. பிளே-ஆஃபில் வருபவர்கள் சராசரிக்கு மேற்பட்டவர்கள் என்பதால் உண்மையான எண் சற்றுக் குறைவாகவே இருக்கும். அப்போதும் ஓய்வின் மதிப்பு குறையாது. சமபலம் என்றே வைத்துக்கொண்டாலும் 12.5 விழுக்காடு 25 ஆகிறது.

செப்டம்பர் மாதத்துக்கென்று சில தனித்தன்மைகள் உண்டு. செப்டம்பர் 1 முதல் மேஜர் லீக் அணிகளின் ரோஸ்டர் 26லிருந்து 28 ஆகிறது. கூடுதல் பிட்சர் வருவதால் சில அணிகள் ஆறு ஸ்டார்ட்டர் சுழற்சிக்குப் போகும். நீங்கள் இரண்டு ஸ்டார்ட் எதிர்பார்த்தவருக்கு ஒன்றே கிடைக்கும். இளம் பிட்சர்களின் இன்னிங்ஸ் கணக்கையும் பாருங்கள். 2012இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி, தன் டிவிஷனில் முதலிடத்தில் இருந்தபோதே, முழங்கை அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டு வந்திருந்த ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்கை 159 இன்னிங்ஸ் கடந்ததும் செப்டம்பர் முதல் பகுதியிலேயே நிறுத்திவிட்டது. பருவம் முழுவதும் அவரை நம்பியிருந்த ஃபேன்டசி அணிகள் அரையிறுதியில் அவர் இல்லாமல் நின்றன. உங்களிடம் இருக்கும் இரண்டாம் ஆண்டு பிட்சர் சென்ற ஆண்டு மொத்தம் வீசியதைவிட இப்போதே 30 இன்னிங்ஸ் கூடுதலாக வீசிவிட்டார். அவரை நிறுத்துவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரை மட்டும் நம்பி மற்றொரு நல்ல ஸ்டார்ட்டரை விடாதீர்கள். க்ளோசர்களின் நிலையையும் ஒருமுறை சரிபாருங்கள். ஜூலை இறுதிப் பரிமாற்றங்களுக்குப் பிறகு ஒன்பதாம் இன்னிங்ஸ் யாருக்கு என்பது பல அணிகளில் மாறியிருக்கும். ஜாஷ் ஹேடரே 2022 ஆகஸ்டில் சான் டியாகோவுக்குப் போன சில வாரங்களில் தற்காலிகமாக அந்தப் பொறுப்பை இழந்தார். பருவத்தின் கடைசி வாரத்தில் நட்சத்திரங்களுக்கு ஓய்வு தருவது வழக்கம். உங்கள் இறுதிப் போட்டி அதற்கு முந்தைய வாரமே முடிந்துவிடுவதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. உங்கள் கமிஷனர் நன்றாக யோசித்திருக்கிறார்.

கடைசியாக, முன்கை வலியால் காயப்பட்டியலில் இருக்கும் உங்கள் முதல் சுற்று ஸ்டார்ட்டரை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். செய்திகளில் வந்திருக்கும் கால அளவுப்படி எல்லாம் நன்றாக நடந்தாலும் அவர் அரையிறுதி வாரத்தின் நடுவில்தான் திரும்புவார். முதல் ஸ்டார்ட்டில் பந்து எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருக்கும். ஸ்டார்ட்டர் 5 இன்னிங்ஸ் முடித்தால்தான் வெற்றி அவர் கணக்கில் வரும் என்பதால், 60, 70 பந்துகளில் அவர் உங்களுக்கு வெற்றியைத் தருவது அரிது. ஆக அவரிடமிருந்து நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இறுதி வாரத்தில் ஒரு முழு ஸ்டார்ட், அதுவும் நீங்கள் இறுதிக்கு வந்தால். உங்கள் லீக்கில் காயப்பட்டியலுக்கென்று இரண்டு தனி இடங்கள் இருக்கின்றன. ஒன்று காலியாகவே இருக்கிறது. அவரை அங்கே நகர்த்திவிடுங்கள், எந்தச் செலவும் இல்லை. அவரால் இப்போது அடைபட்டிருக்கும் பென்ச் இடத்தில், திங்கட்கிழமை முதல் ஆட்டம் தொடங்கும் முன், சேவ் தராவிட்டாலும் நல்ல விப் வைத்திருக்கும் ஒரு ரிலீவரை (ஆட்டத்தின் நடுவில் வீச வரும் பிட்சரை) எடுங்கள். பின்னர் வேறொருவர் காயமடைந்து காயப்பட்டியலில் இடம் தேவைப்பட்டால், அப்போது விட வேண்டியவர் இவராகவே இருக்கட்டும்.